பிரிட்டிஷாரின் தாயகம்: அதன் பூகோளமும் சரித்திரமும்

சென்ற வருஷம் கூடிய நமது சங்க மகாசபையில், மாணவர் விடுதியிலே காலியாயிருந்த சில இடங்களை நம் சமூகத்தைச் சேராத ஏழைப் பிள்ளைகளுக்கு அளிக்கலாமா என்னும் விஷயம் விவாதத்திற்கு வந்தது. அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, "கலப்பில்லாத குலமே மேன்மை அடையும். இங்கிலீஷ்காரனைப் பாருங்கள். தன் இரத்தத்தைக் கலக்கவிடாமல் காத்துக்கொண்டதனால் அன்றோ அத்தனை சிறிய தீவிலிருந்து வந்து உலகத்தை ஆண்டான்!" என்று கூறினார். சபையோர் பலர் கரகோஷம் செய்தனர். தீர்மானம் அடுத்த மகாசபைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அப்பெரியவரிடம் எமக்குள்ள மதிப்பு மிகப் பெரிது. அவரோடு வாதாடுவது எம் நோக்கமன்று. ஆயினும் அவர் எடுத்துக்காட்டிய உதாரணம் சரித்திரத்துக்குப் பொருந்துமா என்று ஆராய்வது நம் கடமையாகும். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு காலம் நம்மை ஆண்டு, 1947-ஆம் வருஷத்தில் விலகிச் சென்ற அந்த ஜனங்களைப் பற்றி நாம் அறிந்தவையெல்லாம் அவர்கள் இங்கு வந்து நடத்திய காரியங்களே. அவர்களுடைய சொந்த வீடு எத்தன்மையது, அதில் வந்து குடிபுகுந்தோர் யாவர் என்பதை அறிந்தவர் நம்மிற் சிலரே. அதனைச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

பெயர் விளக்கம்

இங்கிலாந்து, பிரிட்டன், ஐக்கிய இராஜ்யம் என்னும் மூன்று பெயர்களையும் ஒன்றுபோல வழங்குவது நம்மவர் வழக்கம். அவை ஒன்றல்ல. ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால் பிரிட்டன், அயர்லாந்து என்னும் இரண்டு பெருந்தீவுகளும் அவற்றைச் சூழ அநேகம் சிறு தீவுகளும் இருக்கின்றன. இவற்றுட் பெரியதாகிய பிரிட்டன் தீவில் தெற்கே இங்கிலாந்தும், மேற்கே வேல்ஸும், வடக்கே ஸ்காட்லாந்தும் உள்ளன. இம்மூன்றும் வட அயர்லாந்தும் சேர்ந்ததே ஐக்கிய இராஜ்யம். அயர்லாந்தின் எஞ்சிய பெரும்பகுதி 1922-ஆம் வருஷத்தில் பிரிந்து தனி ராஜ்யமாயிற்று.

"கிரேட் பிரிட்டன்" என்பதிலுள்ள "கிரேட்" என்னும் அடைமொழியைத் தற்பெருமை என்று சிலர் எண்ணுவர். உண்மை அஃதன்று. பூர்வகாலத்தில் இத்தீவினின்றும் குடிபெயர்ந்த ஜனங்கள் பிரான்சு தேசத்தின் மேற்கு முனையிற் சென்று தங்கினமையால், அப்பகுதிக்கும் பிரிட்டனி என்று பெயர் உண்டாயிற்று. அந்தச் சிறிய பிரிட்டனிலிருந்து வேறுபடுத்தவே இத்தீவு பெரிய பிரிட்டன் எனப்பட்டது.

தீவின் இயற்கை அமைப்பு

பிரிட்டன் தீவின் பரப்பு ஏறக்குறைய 80,000 சதுர மைல். தென்மேற்கு முனைக்கும் வடகோடிக்கும் நேர்க்கோட்டிலே 600 மைல் இருக்கும். கரையெங்கும் கடல் உட்புகுந்து வெட்டுண்டு கிடப்பதால், இத்தீவில் கடலிலிருந்து 70 மைலுக்குமேல் தூரமுள்ள இடமே இல்லை எனலாம். ஆகவே அங்குப் பிறந்த எவனும் கடலுக்கு அந்நியனாயிருத்தல் அரிது.

கிழக்கே டீஸ் நதியின் முகத்துவாரத்திலிருந்து தென்மேற்கே எக்ஸ் நதியின் முகத்துவாரம்வரை ஒரு கோடு இழுத்தால், தீவு இயற்கையாகவே இரண்டு கூறுகளாகப் பிரியும். கோட்டுக்கு வடமேற்கே மிகத் தொன்மையான கடும்பாறைகளும், மலைகளும், மழை மிகுந்த மேய்ச்சல் நிலங்களும் உண்டு. ஸ்காட்லாந்திலுள்ள பென் நெவிஸ் 4,413 அடி உயரமுடையது. தீவிலேயே உயர்ந்த சிகரம் அதுவே. வேல்ஸிலுள்ள ஸ்னோடன் 3,560 அடி. இங்கிலாந்தின் முதுகெலும்பு எனப்படும் பென்னைன் மலைத்தொடரும் இப்பகுதியிலேயே உள்ளது. கோட்டுக்குத் தென்கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகளும், களிமண் சமவெளிகளும், கோதுமை விளையும் வயல்களும் உண்டு.

இப்பிரிவினையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். வளமான சமவெளி ஐரோப்பாக் கண்டத்தை நோக்கியிருக்கிறது. டோவர் ஜலசந்தியோ மிகக் குறுகிய இடத்தில் 21 மைல் அகலமே உடையது. எனவே கண்டத்திலிருந்து புறப்பட்டவர் யாவரும் எளிதில் வந்து இறங்கியது இந்தச் சமவெளியில். முன்னிருந்தவர் பிடியை இழவாது நின்றது மலைப்புறத்தில். இத்தீவின் சரித்திரத்திற் பாதியை இப்பூகோளமே எழுதியது என்று சொல்லலாம்.

லண்டன் நகரம் வடக்கே ஐம்பத்தொன்றரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதே அட்சரேகையில் கானடாவின் லாப்ரடார் கரை மாரிக்காலத்தில் உறைந்து கிடக்கும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்பநீரோட்டமும் தென்மேற்குக் காற்றும் பிரிட்டனை அக்கொடுமையிலிருந்து காக்கின்றன. மேற்கு மலைகளிற் சிலவிடங்களில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேலும் மழை பெய்ய, கிழக்குக் கரையில் 25 அங்குலத்துக்கும் குறைவாகப் பெய்கின்ற ஊர்கள் பல. இம்மழையினால் புல்லும், புல்லினால் ஆடும், ஆட்டினால் கம்பளியும் உண்டாகி, நெடுங்காலம் அத்தேசத்தின் பெருஞ்செல்வமாயிருந்தன. பார்லிமெண்டின் பிரபுக்கள் சபையில் அக்கிராசனர் அமரும் ஆசனம் இன்றும் கம்பளி மூட்டையேயாகும்.

தீவு தீவானது

பிரிட்டன் ஆதியில் தீவன்று. பனியூழியின் முடிவில் கடல் தாழ்ந்திருந்தது. இன்றைய வடகடலின் தென்பகுதி மான்களும் மனிதரும் நடமாடிய சமநிலமாயிருந்தது. டாகர்லாண்டு என்று ஆராய்ச்சியாளர் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். பனி உருகிக் கடல் ஏறவே, ஏறக்குறைய 8,000 வருஷங்களுக்கு முன்னர் அந்நிலம் மூழ்கியது. 1931-ஆம் வருஷத்தில் நார்போக் கரைக்கு அப்பால் மீன்பிடித்த ஒரு படகின் வலையிலே, கடலடிக் கரிமண் கட்டியோடு மான்கொம்பிற் செதுக்கிய ஈட்டிமுனை ஒன்று அகப்பட்டது. கடலுக்கடியில் ஒரு தேசம் கிடக்கிறது என்பதற்கு அது சாட்சியாயிற்று.

ஆதி குடிகள்

நிலவழியே நடந்து வந்த வேட்டுவரே முதற்குடிகள். செடார் என்னும் இடத்தில் ஒரு குகையிலே 1903-ஆம் வருஷத்தில் கண்டெடுத்த மனித எலும்புக்கூடு ஏறக்குறைய 10,000 வருஷத் தொன்மையுடையது. 2018-ஆம் வருஷத்தில் அதன் மரபணுவை ஆராய்ந்த அறிஞர், அம்மனிதனது மேனி கருநிறமாகவும் கண் நீலமாகவும் இருந்திருக்கும் என்று கணித்தனர். வெண்ணிறமே அத்தீவின் ஆதி நிறம் என்பாருக்கு இச்செய்தி வியப்பளித்தது.

பின்னர், கி.மு. 4000-ஐ ஒட்டி, உழவுத்தொழிலறிந்த ஜனங்கள் கடல் கடந்து வந்தனர். அவர்களுடைய மூதாதையர் இன்றைய துருக்கி தேசத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மேற்கு நோக்கிப் பரவியவர்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பெருங்கல் வட்டத்தை நிறுவத் தொடங்கியவர்கள் இவர்களே. அதன் கற்களுட் சில வேல்ஸ் மலைகளிலிருந்து ஏறக்குறைய 150 மைல் தூரம் கொண்டுவரப்பட்டவை. இவர்களுக்குப்பின் கி.மு. 2400-ஐ ஒட்டிச் செம்பும் பொன்னும் தெரிந்த வேறொரு கூட்டத்தார் வந்தனர். அவர்கள் வந்த சில நூறு வருஷங்களுக்குள் தீவிலுள்ளார் மரபில் பத்தில் ஒன்பது பங்கு இவர்களுடையதாயிற்று என்று பழைய எலும்புகளின் மரபணுவினால் தெரிகிறது. ஸ்டோன்ஹெஞ்சைத் தம் முன்னோர் தொடங்கினர் என்று பெருமை பேசுகின்ற இன்றைய ஆங்கிலேயரின் உடம்பில், அவ்வுழவரின் இரத்தம் மிகச் சிறிதே ஓடுகின்றது.

ரோமர் ஆட்சி

கெல்டிய பாஷை பேசிய ஜனங்கள் தீவெங்கும் பல கூட்டங்களாக வாழ்ந்திருந்த காலத்தில் ரோமர் வந்தனர். ஜூலியஸ் சீசர் கி.மு. 55, 54 ஆகிய இரு வருஷங்களிலும் படையெடுத்து மீண்டார். கி.பி. 43-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் சேனை வந்து நிலையாகத் தங்கியது. கி.பி. 60-ஐ ஒட்டி, போடிக்கா என்னும் ராணி ரோமரை எதிர்த்தெழுந்து லண்டனைக் கொளுத்தி, இறுதியில் தோல்வியுற்றாள். வடபுறத்துக் குடிகளை அடக்க இயலாமையால், கி.பி. 122-இல் ஹேட்ரியன் சக்கரவர்த்தி கடலிலிருந்து கடல்வரை 73 மைல் நீளமுள்ள மதில் எழுப்புவித்தான். அதன் சிதைவுகள் இன்றும் காணத்தக்கவை.

அம்மதிலைச் சேர்ந்த பகுதியில் வேலை செய்தவர் யாவரும் ரோமாபுரியினர் என்று எண்ணற்க. மதிலின் கீழ்க்கோடிக்கு அருகே, இன்று சவுத் ஷீல்ட்ஸ் எனப்படும் ஊரில், ஒரு பெண்ணின் கல்லறைக்கல் அகப்பட்டிருக்கிறது. அவள் பெயர் ரெஜீனா. பிரிட்டனிலே பிறந்து, அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள். அவளை மணந்து, அவள் இறந்தபின் அக்கல்லை நாட்டியவன் சிரியா தேசத்துப் பால்மைராவிலிருந்து வந்த பாரதீஸ் என்பவன். லத்தீன் எழுத்துக்களுக்குக் கீழே தன் தாய்பாஷையிலும் அவளுக்காகத் துக்க வாசகம் ஒன்று பொறித்திருக்கிறான். கூதிர்க்காற்று வீசும் அவ்வட கரையில், பாலைவனத்திலிருந்து வந்த ஒருவன் தன் மனைவிக்காக அழுத வாசகம் இது.

ஆங்கிலரும் சாக்ஸனியரும்

கி.பி. 410-ஐ ஒட்டி ரோமராட்சி நீங்கியது. ஜெர்மனி, டென்மார்க்குக் கரைகளிலிருந்து ஆங்கிலர், சாக்ஸனியர், ஜூட்டர் என்னும் கூட்டத்தார் வந்திறங்கினர். ஆங்கிலர் பெயரே இங்கிலாந்துக்கு நாமமாயிற்று. கிழக்கு இங்கிலாந்தின் அக்காலத்துப் புதைகுழிகளை அண்மையில் ஆராய்ந்தபோது, அவற்றிலுள்ளார் மரபில் ஏறக்குறைய முக்கால் பங்கு வடகடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று கண்டனர். வந்தவர் சந்ததியும் முன்னிருந்தவர் சந்ததியும் ஒரே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருத்தலையும், இரு மரபும் கலந்தவர் பலர் இருத்தலையும் கண்டனர்.

வேடிக்கையான ஒரு விஷயம் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. புதிதாக வந்த சாக்ஸனியர், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே வாழ்ந்த பழங்குடிகளை "வெல்ஷ்" என்று அழைத்தனர். அச்சொல்லின் பொருள் "அந்நியர்" என்பது. வந்தவன் இருந்தவனை அந்நியன் என்றான்! வேல்ஸ் என்னும் பெயர் இவ்வாறு உண்டானதே. அந்த ஜனங்களோ தம்மைக் "கம்ரி" என்று சொல்லிக்கொள்வர். அதற்கு "ஒரு நாட்டுத் தோழர்" என்பது பொருள்.

டேனியரும் நார்மானியரும்

கி.பி. 793-இல் லின்டிஸ்பார்ன் தீவிலிருந்த மடத்தை வடதேசத்துக் கடற்கொள்ளைக்காரர் சூறையாடினர். கொள்ளையிட வந்தவர் பின்பு குடியிருக்கவும் தலைப்பட்டனர். ஆல்பிரட் அரசன் 878-இல் எடிங்டன் யுத்தத்தில் அவர்களை வென்றும், அவர்களை ஓட்டிவிட இயலாமல், வடகிழக்குப் பகுதியை அவர்களுக்கு விட்டு உடன்படிக்கை செய்துகொண்டான். 1016-இல் டேனியனாகிய கனூட் என்பவனே இங்கிலாந்து முழுமைக்கும் அரசனானான்.

1066-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி ஹேஸ்டிங்ஸ் யுத்தத்தில் நார்மானிய வில்லியம் வென்றான். நிலமெல்லாம் நார்மானியப் பிரபுக்கள் கைக்குச் சென்றது. கோர்ட்டிலும் அரண்மனையிலும் பிரெஞ்சு பாஷை ஏறியது. நார்மானியனைக் கொல்வோரைக் கண்டுபிடிக்க ஒரு கொடுஞ்சட்டம் இருந்தது. எங்கேனும் கொலையுண்ட பிணம் கிடந்தால், அது இங்கிலீஷ்காரனுடையது என்று அவ்வட்டாரத்தார் ருசுப்படுத்த வேண்டும். ருசுப்படுத்தாவிடில் வட்டாரம் முழுமைக்கும் அபராதம். ஆனால் 1180-ஐ ஒட்டி, அரசாங்கப் பொக்கிஷத்தைப் பற்றி நூலெழுதிய ரிச்சர்டு என்னும் அதிகாரி, இரு திறத்தாரும் கொண்டும் கொடுத்தும் கலந்துவிட்டமையால், அடிமைகளல்லாத ஜனங்களுள் யார் நார்மானியர், யார் இங்கிலீஷார் என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதிவைத்தார். வென்றவரும் தோற்றவரும் கலந்துபோவதற்கு நாலைந்து தலைமுறையே போதுமானதாயிற்று! அச்சட்டம் 1340-இல் அறவே நீக்கப்பட்டது. 1362-இல் கோர்ட்டு விவகாரங்கள் இங்கிலீஷிலேயே நடக்கவேண்டும் என்று சட்டமாயிற்று.

ஊர்ப்பெயர்களும் பாஷையும் கூறும் சாட்சி

மேற்கூறியவற்றிற்குச் சாட்சி தேடிப் புதைகுழிகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. தேசப்படத்தை விரித்தாற் போதும். ஏவன் என்னும் பெயருடைய நதிகள் அங்குப் பல உண்டு. பழங்குடிகளின் பாஷையில் அச்சொல்லுக்கு "ஆறு" என்பதே பொருள். புதிதாக வந்தவர் அதனைப் பெயரென்று கொண்டு "ஏவன் ஆறு" என்று வழங்கலாயினர். மான்செஸ்டர், வின்செஸ்டர், கால்செஸ்டர் என்று முடிவன ரோமரது பாசறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் திரிபு. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்று "ஹாம்" ஈறு பெற்றவை சாக்ஸனியர் குடியிருப்புக்கள். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று "பி" என முடிவன டேனியர் வைத்த பெயர்கள்.

பாஷையும் இத்தன்மையதே. வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களுக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர்கள், சாக்ஸனியர் தொழுத பழைய தெய்வங்களின் பெயர்களே. கிறிஸ்து மதம் பரவி ஆயிரத்து நானூறு வருஷங்களாகியும் அவை மாறவில்லை. உயிரோடு மேயும் ஆடு "ஷீப்" என்பது சாக்ஸனியச் சொல். அதுவே சமையலாகி மேசைக்கு வந்தபின் "மட்டன்" என்பது பிரெஞ்சுச் சொல். மேய்த்தவன் யார், உண்டவன் யார் என்பது இதனால் விளங்கும். "அவர்கள்" என்னும் பொருளுடைய "தே" என்ற சொல்லும் கொள்ளையடிக்க வந்த வடதேசத்தாரிடமிருந்து பெற்றதாகும். எல்லாவற்றினும் மேலாக, எந்தச் சட்டத்தைத் தம் பெருமைக்கு அடையாளமாக ஆங்கிலேயர் காட்டுவரோ, அந்தச் சட்டத்தைக் குறிக்கும் "லா" என்ற சொல்லும் அவ்வடதேசத்தார் தந்ததே.

நாடுகள் ஒன்றுபட்ட வகை

ஒன்றுபட்டதெல்லாம் அன்பினால் ஒன்றுபட்டதன்று. வேல்ஸ் நாட்டை முதலாம் எட்வர்டு 1283-இல் வாளினால் அடக்கினான். 1536-இல் ஏற்பட்ட சட்டம் வெல்ஷ் பாஷைக்கு நியாயஸ்தலத்தில் இடமில்லை என்றது. எனினும் 1588-இல் பைபிள் முழுமையும் அப்பாஷையில் அச்சாகி அதற்கு உயிர் தந்தது. 2021-ஆம் வருஷத்துக் குடிமதிப்பின்படி வேல்ஸில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர்.

ஸ்காட்லாந்தார் 1314-இல் பானக்பர்ன் யுத்தத்தில் வென்று சுதந்தரம் காத்தவர்கள். 1603-இல் ஸ்காட்லாந்து அரசனாகிய ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் அரசனானான். 1707-இல் இரண்டு பார்லிமெண்டுகளும் ஒன்றாயின. ஒன்றானபோதும், ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும், திருச்சபையையும், பள்ளிக்கூட முறையையும் விட்டுவிடவில்லை. வேற்றுமைகளை வைத்துக்கொண்டே சேர்ந்து வாழும் இவ்வேற்பாடு இன்றும் நிலவுகிறது. 2014-இல் பிரிந்துபோகலாமா என்று வாக்கெடுத்தபோது, நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றனர்.

அயர்லாந்தின் கதை துயரமானது. 1801-இல் அது ஐக்கிய இராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மடிந்தனர். அதே அளவினர் தேசம் விட்டு ஓடினர். சமமாகப் பாவிக்காத இடத்தில் ஐக்கியம் நிலைக்கவில்லை.

தஞ்சம் புகுந்தோர்

இங்கிலாந்தின் கம்பளி நெடுங்காலம் மூட்டையாகவே வெளிதேசம் சென்றது. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்டு பிளாண்டர்ஸ் தேசத்து நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தினான். உள்ளூர் நெசவாளருக்கு 1155-ஆம் வருஷத்திலேயே ராஜ சாசனம் பெற்ற சங்கம் லண்டனில் இருந்தது. அவர்கள் புதியவர்மீது பொறாமை கொண்டனர். 1381-இல் நடந்த குடியானவர் கலகத்தில் பிளாண்டர்ஸ் தேசத்தார் பலர் லண்டன் வீதியில் வெட்டுண்டனர். அதற்கு முன் 1290-இல் யூதர் அனைவரும் துரத்தப்பட்டனர். 1656-இல்தான் அவர்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். ஆகவே ஆங்கிலேயர் எக்காலத்தும் வந்தோரை முகமலர்ந்து ஏற்றனர் என்று யாம் கூறவில்லை.

ஆனால் ஏற்ற காலத்தில் அவர்கள் அடைந்த லாபம் சிறிதன்று. 1685-இல் பிரெஞ்சு அரசன் புராட்டஸ்டண்டு மதத்தாருக்கு இருந்த உரிமையைப் பறித்தபோது, ஹியூகெனாட் எனப்படும் அம்மதத்தார் ஏறக்குறைய 50,000 பேர் பிரிட்டனில் தஞ்சம் புகுந்தனர். பட்டுநெசவும், கடிகாரத் தொழிலும், வெள்ளி வேலையும் அவர்களோடு வளர்ந்தன. 1694-இல் இங்கிலாந்து பாங்கி நிறுவப்பட்டபோது, அதன் முதல் கவர்னராயிருந்த ஜான் ஹூப்ளன் இவ்வாறு தஞ்சம் புகுந்த குடும்பத்தின் வழிவந்தவரே. ஒரு தேசத்தின் பொக்கிஷச் சாவி அகதியின் பேரன் கையில்!

அக்காலத்திலும் சுத்த இங்கிலீஷ் இரத்தம் என்று பேசினோர் இருந்தனர். ஹாலந்து தேசத்தில் பிறந்த வில்லியம் அரசனை அவர்கள் அந்நியன் என்று இகழவே, டேனியல் டீபோ 1701-இல் ஒரு நெடும்பாட்டு இயற்றி, எத்தனையோ ஜாதிகள் கலந்து பிறந்தவனே இங்கிலீஷ்காரன் என்று நகையாடினார். 1714-இல் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ், ஜெர்மனியிலிருந்து வந்தவன். இங்கிலீஷ் நன்கு பேசவும் அறியான்.

லண்டனில் பிரிக் லேன் என்னும் வீதியில் ஒரு கட்டடம் உண்டு. 1743-இல் ஹியூகெனாட்டுகளின் கோயிலாகக் கட்டப்பட்டது. பின்னர் மெத்தடிஸ்டு சபையார் கோயிலாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்யாவிலிருந்து வந்த யூதரின் ஜெபாலயமாயிற்று. 1976-இல் வங்காள முஸ்லிம்களின் மசூதியாயிற்று. அந்தத் தேசத்தின் சரித்திரத்தை ஒரே கட்டடத்தில் காண விரும்புவோர் இதனைக் காணலாம்.

நிலக்கரியும் நீராவியும்

இனி, இத்தீவினர் உலகில் மேலோங்கியதற்குக் காரணம் இரத்தம் அன்றாயின் வேறு யாது எனக் கேட்பீர்கள். காரணம் பல. முதலாவது, நிலத்தின் அடியிற் கிடந்த நிலக்கரி. அது கடலுக்கும் ஆறுகளுக்கும் அருகிலேயே கிடந்தமையால் ஓடங்களில் ஏற்றுவது எளிதாயிற்று. 1709-இல் ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்ட கரியினால் இரும்பு உருக்கினார். 1712-இல் சுரங்கத் தண்ணீரை இறைக்க நியூகோமன் நீராவி யந்திரம் அமைத்தார். 1769-இல் ஜேம்ஸ் வாட் அதனைத் திருத்தி உரிமை பெற்றார். 1830-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் ஓடிற்று. 1913-இல் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 29 கோடி டன் நிலக்கரி தோண்டினர்.

இரண்டாவது, அரசனையும் கட்டுப்படுத்தும் சட்டம். 1215-இல் ஜான் அரசனிடம் பிரபுக்கள் பெற்ற மகாசாசனமும், 1689-இல் பார்லிமெண்டு பெற்ற உரிமைச் சட்டமும், பொருள் தேடியவன் அதனை அரசன் பறித்துக்கொள்வான் என்று அஞ்சாமல் தொழில் செய்ய இடந்தந்தன. மூன்றாவது, கடல். அது பகைவருக்கு அகழியாகவும் வியாபாரத்துக்கு ராஜபாட்டையாகவும் இருந்தது. நான்காவது காரணத்தை மறைத்தல் நியாயமாகாது. ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பும், நம்முடைய தேசம் முதலியவற்றின் செல்வமும் அங்குக் குவிந்தன. 1833-இல் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, 2 கோடி பவுன் நஷ்டஈடு தந்தது எஜமானருக்கே. அடிமைப்பட்டோருக்கு ஒரு காசும் இல்லை.

தம் சொந்த ஏழைகளையும் அவர்கள் நன்றாக நடத்தவில்லை. பெண்களும், பத்து வயது நிரம்பாத சிறுவரும் சுரங்கத்துக்குள் வேலை செய்தலாகாது என்னும் சட்டம் 1842-இல்தான் வந்தது. இரத்தம் ஒன்று என்றமையால் முதலாளி தொழிலாளியின் குழந்தைக்கு இரங்கிவிடவில்லை.

ரோச்டேல் நெசவாளர்

ஏழைகள் தம்மைத் தாமே காத்துக்கொண்ட வரலாறு நம் சங்கத்தாருக்கு மிகவும் பயன்படத்தக்கது. லங்காஷயரில் ரோச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலிய ஏழைத் தொழிலாளர் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி ஒரு கடை திறந்தனர். விற்ற சரக்குகள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே. கலப்படமில்லாச் சரக்கு, சரியான நிறை, ரொக்க வியாபாரம், வாங்கியவருக்கு வாங்கிய அளவின்படி லாபத்தில் பங்கு, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்பன அவர்கள் விதிகள். இன்ன மதத்தார், இன்ன கட்சியார் என்று பாராமல் எவரும் சேரலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது அக்கடையே. சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அம்மாதிரியைப் பின்பற்றியதேயாகும்.

இன்றைய நிலை

அச்சாம்ராஜ்யம் இன்று இல்லை. நிலக்கரியும் ஓய்ந்தது. கடைசி ஆழச்சுரங்கம் 2015-இலும், நிலக்கரியால் மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் 2024 செப்டம்பரிலும் மூடப்பட்டன. 1994-இல் கடலுக்கடியில் 31 மைல் சுரங்கப்பாதை திறந்து, பிரான்சோடு மீண்டும் நிலவழி உண்டாயிற்று. ஆயினும் 2016-இல் நூற்றுக்கு 52 பேர் ஐரோப்பிய ஐக்கியத்தை விட்டு விலக வாக்களித்து, 2020-இல் அத்தேசம் விலகிற்று. வெளியாரை ஏற்பதா, கதவைச் சாத்துவதா என்னும் விவாதம் அங்கு இன்னும் ஓயவில்லை. 2021-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வசித்தோருள் ஆறில் ஒருவர் வெளிதேசத்திற் பிறந்தவர். 2022 அக்டோபரில், இந்திய வமிசத்தவராகிய ரிஷி சுனக் அத்தேசத்துக்குப் பிரதம மந்திரியானார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இங்கிலீஷ்காரன் தன் இரத்தத்தைக் கலக்கவிடாமல் காத்து மேன்மையடைந்தான் என்பது சரித்திரத்துக்கு மாறானது என்று தெளியலாம். அவர்கள் உயர்வுக்கு நிலமும், கடலும், கரியும், சட்டமும், தஞ்சம் புகுந்தோரின் தொழிற்றிறமும், பிறரிடம் பறித்த பொருளும் காரணங்களாயின. குலச்சுத்தம் அவற்றுள் ஒன்றன்று. கலந்தமையாலேயே உயர்ந்தனர் என்றும் யாம் சொல்ல வரவில்லை. கலப்பு அவர்களைக் கெடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

முன்னோரைப் போற்றுதல் தவறன்று. நம் பத்திரிகையும் மாதந்தோறும் குலவரலாறுகளை வெளியிட்டே வருகிறது. யாமும் அவற்றை ஆவலோடு படிப்போம். வேல்ஸ் நாட்டார் தம் பாஷையைக் காத்ததுபோல நம் மரபில் நல்லனவற்றை நாமும் காப்போமாக. ஆயினும் வீட்டின் பெருமை பேசுவதற்கும், வீட்டுக் கதவைச் சாத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. 1155-இல் சாசனம் பெற்ற லண்டன் நெசவாளர் சங்கம், வந்தவரை விரட்டப் பார்த்தது. 1844-இல் ரோச்டேல் நெசவாளர், வருகிறவரைச் சேர்த்துக்கொண்டனர். நம் சங்கம் இவ்விரண்டில் எதனைப் போல இருத்தல் வேண்டும் என்பதே கேள்வி.

விடுதித் தீர்மானம் அடுத்த மகாசபையில் மறுபடியும் வரும். அங்கத்தினர் தம் மனச்சாட்சிப்படி வாக்களிப்பார்களாக. எதிர்த்து வாக்களிப்போர், விடுதியின் வருமானம் போதாது என்றேனும், நம் பிள்ளைகளுக்கே இடம் வேண்டும் என்றேனும் காரணம் கூறட்டும். அவை ஆலோசிக்கத் தக்கனவே. ஆனால் இங்கிலீஷ்காரனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். அவன் சரித்திரத்தை விசாரித்தால், அவன் சாட்சி வேறு பக்கமாகவே இருக்கும்.